வீட்டிலிருந்தே இரண்டாண்டு டிகிரி: அமெரிக்க கம்யூனிட்டி காலேஜில் லிபரல் ஆர்ட்ஸ் படிப்பது எப்படி

‘ஆர்ட்ஸா?’ என்று உதட்டைப் பிதுக்கிக் கேட்கும் ஊரிலிருந்து வந்தவள் நான். அதனால் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின், அதாவது இரண்டாண்டு அரசுக் கல்லூரியின், படிப்புப் பட்டியலில் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று பார்த்ததும் அதைத் தாண்டித்தான் போனேன். படம் வரைவது, களிமண் பிசைவது என்று ஏதோ நினைப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு இருக்கிறது, ஆங்கிலக் கட்டுரை இருக்கிறது, உளவியல், வரலாறு, ஆய்வகத்தோடு ஓர் அறிவியல் பாடம் எல்லாம் இருக்கின்றன. நாலு வருடப் பட்டப்படிப்பு எதற்குப் போனாலும் முதல் இரண்டு வருடத்தில் படித்தாக வேண்டிய பொதுப்பாடங்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதுதான் இது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தர்க்கம், சொற்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பெயர் இருந்தது. அந்த ஏழில் கணக்கே இரண்டு இடம் பிடித்திருப்பது தெரிந்ததும் எனக்குப் போன உயிர் வந்தது.

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதத்தில் மூன்று செமஸ்டர் முடித்திருந்தபோது எனக்குக் கல்யாணம் ஆனது. மீதியை முடிக்கவில்லை. பத்து வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முழுக்க ஆன்லைனில் ‘அசோசியேட் இன் ஆர்ட்ஸ்’ என்ற இந்தப் பட்டத்தை வாங்கினேன். இரண்டு வருடப் படிப்பு எனக்கு மூன்றேகால் வருடம் இழுத்தது. சுற்றி வளைத்துப் போன இடங்களில் நீங்களும் சுற்ற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இது உங்களுக்குத்தானா?

ஊரில் பி.இ.யோ பி.காமோ முடித்துவிட்டு வந்திருந்தால், பெரும்பாலும் இது உங்களுக்குத் தேவையில்லை. கையில் இருக்கும் பட்டத்தை மதிப்பீடு செய்யக் கொடுத்துவிட்டு, நேராக முதுகலையோ ஏதாவது தொழிற்சான்றிதழோ பாருங்கள். இளங்கலைப் பட்டம் எந்த நாட்டில் வாங்கியதாக இருந்தாலும், அது கையில் இருந்தால் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கிடைக்காது. அதை மறைத்து விண்ணப்பிக்கச் சொல்லும் ‘அனுபவசாலிகள்’ எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள், அது மோசடிக் குற்றம்.

அடுத்தது விசா. எஃப்1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான், அதாவது மூன்று கிரெடிட்டைத்தான் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு கிரெடிட்), முழுநேரப் படிப்புக் கணக்கில் காட்ட முடியும். ஆகவே முழு ஆன்லைன் பட்டம் அவர்களுக்கு இல்லை. பி2 சுற்றுலா விசாவில் வந்தவர்கள் பட்டப்படிப்பில் சேரக் கூடாது. எச்4-இல், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம், ஆனால் மத்திய அரசின் உதவிப்பணம் கிடையாது. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் இரண்டும் உண்டு.

தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டே அமெரிக்க அசோசியேட் பட்டம் வாங்கலாமா என்று என் சித்தி மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அங்கே அதை யாரும் இளங்கலையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கட்டணமோ வெளியூர்க்காரர் கணக்கில் இரண்டு மூன்று மடங்கு ஆகும். அந்தப் பணத்தில் சின்னப் பங்கைக் கட்டி இக்னோவில் முழு இளங்கலையே படித்துவிடலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜி.இ.டி. என்ற தேர்வில் கணக்கு, ஆங்கிலம், சமூக அறிவியல், அறிவியல் என்று நாலு தாள். நாலும் தேறினால் பள்ளிப்படிப்பு முடித்ததற்குச் சமம். எங்கள் அபார்ட்மென்டில் நாற்பத்தைந்து வயதில் அதை எழுதித் தேறிய அக்கா ஒருவர் இருக்கிறார்.

கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எல்லோரும் செய்வது என்ன? பக்கத்தில் இருக்கும் காலேஜில் சேர்வது, பிடித்த பாடங்களை எடுப்பது, முடித்தபின் ‘அடுத்து எங்கே போகலாம்’ என்று யோசிப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். லிபரல் ஆர்ட்ஸ் அசோசியேட் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலைச் சந்தையில் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. அலுவலக உதவியாளர், பள்ளிகளில் ஆசிரியருக்குத் துணையாள் போன்ற வேலைகளுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். இதன் உண்மையான மதிப்பு, நாலு வருடப் படிப்பின் முதல் பாதியை மலிவாக முடித்துத் தருவதில் இருக்கிறது. அங்கே இளங்கலைக்கு 120 கிரெடிட், இதற்கு 60. அந்த 60-ம் சேதாரம் இல்லாமல் அடுத்த பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நகையை மாற்றும்போது சேதாரம் பார்ப்போமே, அந்தக் கண்ணோடு இதைப் பாருங்கள்.

ஆகவே முதல் வேலை, இளங்கலையை எங்கே, எந்தப் பாடத்தில் முடிக்கப்போகிறீர்கள் என்று இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்வது. பிறகு அந்தப் பல்கலைக்கழகமும் உங்கள் கம்யூனிட்டி காலேஜும் செய்துகொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடமாகக் கணக்கில் வரும் என்று அதில் வரிவரியாக இருக்கும்.

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். நியூ ஜெர்சியில் 2007-இல் வந்த சட்டத்தின்படி, இங்குள்ள கம்யூனிட்டி காலேஜில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். பட்டம் முடித்தவர் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், இளங்கலையின் பாதி முடிந்ததாக ஏற்க வேண்டும். கலிபோர்னியாவில் ‘அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்’ என்று தனியாகவே ஒரு பட்டம் உண்டு, முடித்தால் கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி அமைப்பில் ஓர் இடம் உறுதி. அங்கே எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பார்க்க ‘அசிஸ்ட்’ என்ற இலவச இணையதளம் இருக்கிறது. டெக்சாஸில் 42 கிரெடிட் பொதுப்பாடத் தொகுதியை முழுதாக முடித்துவிட்டால், மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதை மொத்தமாக ஏற்கும்.

இந்த இடத்தில் பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். ஏ.ஏ., ஏ.எஸ். இரண்டும் மேலே படிக்கப் போகிறவர்களுக்கானவை. ஏ.ஏ.எஸ். என்று இன்னொரு எஸ் சேர்ந்திருந்தால், அது நேராக வேலைக்குப் போவதற்கான தொழிற்பட்டம். அதில் பல பாடங்கள் டிரான்ஸ்ஃபர் ஆகாது. ஒரே எழுத்து வித்தியாசத்தில் ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கணக்குப் பாடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். லிபரல் ஆர்ட்ஸுக்குக் கல்லூரி அல்ஜீப்ராவும் போதும், புள்ளியியலும் போதும் என்று பட்டியலில் இருக்கும். பின்னால் உளவியலோ சமூகப் பணியோ படிப்பதாக இருந்தால் புள்ளியியல் எடுப்பது புத்திசாலித்தனம். வணிகவியல் பக்கம் போவதானால் அல்ஜீப்ராவில் தொடங்கிக் கால்குலஸ் வரைக்கும் போக வேண்டியிருக்கும். புள்ளியியல் எடுத்துவிட்டு அங்கே போய் நின்றால் திரும்பவும் முதலிலிருந்துதான். அறிவியல் ஆய்வகமும் அதே மாதிரி. வீட்டுக்கே பெட்டி அனுப்பி, சமையல்மேடையில் வைத்துச் செய்யச் சொல்லும் ஆய்வகப் பாடங்கள் உண்டு. நான் நிலவியல் எடுத்தபோது ஒரு பெட்டி நிறையக் கல் வந்தது. ஆனால் நர்சிங், மருத்துவம் சார்ந்த படிப்புகள் சில, ஆன்லைன் ஆய்வகத்தை ஏற்பதில்லை. அந்தப் பக்கம் ஆசை இருந்தால் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேட்பது என்றால் வாய்வார்த்தையாக இல்லை, மின்னஞ்சலில். என் முதல் செமஸ்டரில் ஓர் அட்வைசர் போனில் சொன்னதை நம்பி, புது மாணவர்களுக்கான ஒரு கிரெடிட் அறிமுகப் பாடம் எடுத்தேன். அது எங்கும் டிரான்ஸ்ஃபர் ஆகவில்லை. ‘அப்படிச் சொல்லியிருக்க மாட்டோமே’ என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் யாரிடம் பேசினாலும், ‘இன்று நீங்கள் சொன்னது இதுதானே’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன்.

எந்த காலேஜ்?

அமெரிக்காவில் சுமார் ஆயிரம் கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. 1901-இல் இலினாயில் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ்தான் இன்றுவரை நடப்பவற்றில் மூத்த அரசு இரண்டாண்டுக் கல்லூரி. ஊர்க்காரர்களின் வரிப்பணத்தில் நடப்பவை என்பதால் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கவுண்டிக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருப்பவருக்கு ஒரு விலை, வேறு கவுண்டி என்றால் ஒரு விலை, வெளி மாநிலம் என்றால் இன்னொரு விலை என்று பல இடங்களில் மூன்று அடுக்கு. ஆன்லைன்தானே, எங்கிருந்து படித்தால் என்ன என்று தோன்றும். பெரும்பாலும் கட்டணத்துக்கு உங்கள் முகவரிதான் கணக்கு, அதனால் முதலில் சொந்தக் கவுண்டியில் தேடுங்கள். கலிபோர்னியாவாசிகளுக்கு ஒரு கிரெடிட் 46 டாலர், 60 கிரெடிட்டுக்கு 2,760 டாலர். நாடு முழுவதும் சராசரி பார்த்தால், உள்ளூர்க்காரர் முழுநேரம் படிக்க வருடத்துக்கு நாலாயிரம் டாலர் அளவில் ஆகிறது. எச்4-இல் இருப்பவருக்கு உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், கரண்ட் பில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வெளி மாநிலக் கல்லூரி ஒன்றின் ஆன்லைன் படிப்புதான் வேண்டும் என்றால், உங்கள் மாநிலத்தில் பாடம் நடத்த அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் ‘சாரா’ என்ற பொது ஒப்பந்தத்தில் இருப்பதால் சிக்கல் வராது. கலிபோர்னியா மட்டும் அதில் இல்லை.

அங்கீகாரத்தை அரைமணி நேரம் ஒதுக்கிச் சரிபாருங்கள். மிடில் ஸ்டேட்ஸ், ஹையர் லேர்னிங் கமிஷன், நியூ இங்கிலாந்து, தென் மாநிலங்களுக்கான சாக்ஸ், வடமேற்குக்கு ஒன்று, மேற்கில் இரண்டு என்று நெடுங்காலமாக மதிப்புள்ள அமைப்புகள் ஏழு. 2020-இல் கல்வித்துறை சட்டத்தளவில் ‘பிராந்திய அங்கீகாரம்’ என்ற பிரிவை எடுத்துவிட்டாலும், டிரான்ஸ்ஃபர் அலுவலகங்கள் இன்னும் இந்த ஏழின் பெயரைத்தான் தேடுகின்றன. கல்லூரியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம், கல்வித்துறையின் தரவுத்தளத்திலேயே பெயரைப் போட்டுப் பாருங்கள். ஃபேஸ்புக் விளம்பரத்தில் ‘ஆறே மாதத்தில் டிகிரி’ என்று வருபவை எதுவும் அங்கே தென்படாது.

சேர்வது

விண்ணப்பம் சுலபம். கம்யூனிட்டி காலேஜ் என்றாலே கதவு திறந்துதான் இருக்கும், எஸ்.ஏ.டி. மாதிரி நுழைவுத்தேர்வு எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு மாலை நேரத்தில் முடித்துவிடலாம். நம்மவர்களுக்குத் தகராறு வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, கல்யாணத்துக்கப்புறம் கணவர் பெயர் கடைசியில். மூன்று தாளில் மூன்று ஆளாக இருப்போம். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள், பழைய சான்றிதழ்களோடு திருமணச் சான்றிதழின் பிரதியைச் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று டிரான்ஸ்கிரிப்ட், அதாவது கல்லூரி தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல். ஊரில் பாதியில் விட்ட படிப்பு இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். டபிள்யூ.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் வழியாகப் பாடவாரியான மதிப்பீடு வாங்கினால், அந்தப் பாடங்களில் சிலவற்றுக்கு இங்கே கிரெடிட் கிடைக்கும். எனக்கு 12 கிரெடிட் கிடைத்தது. நாலு பாடத்துக்கான பணமும் நேரமும் மிச்சம்.

ஆனால் அந்த டிரான்ஸ்கிரிப்டைத் தாளாக அனுப்பினால், பல்கலைக்கழகமே உறையில் போட்டு, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தர வேண்டும். உறை பிரிக்கப்படாமல் வந்து சேர வேண்டும். எங்கள் அண்ணன் மூன்று முறை அலைந்து அதை வாங்கினான். வாங்கியவன், வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஃபெவிகால் போட்டு அழகாக ஒட்டி கூரியரில் அனுப்பினான். இங்கே அதை ஏற்கவில்லை. போனில் கேட்டதற்கு, “உன் இனிஷியலத் தப்பாப் போட்டிருந்தா என்ன செய்யன்னு பிரிச்சுப் பாத்தேம்ளா” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. உங்களுக்காக அலையப்போகிறவரிடம் போனில் இரண்டு முறை சொல்லுங்கள்: உறையைப் பிரிக்க வேண்டாம்.

சேர்ந்தபின் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஒரு நிலைத்தேர்வு வைக்கலாம். அக்கியூப்ளேசர், அலெக்ஸ் என்ற பெயர்களில் இருக்கும். இதில் தோல்வி என்று ஒன்று இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் மதிப்பெண் குறைந்தால் பட்டக் கணக்கில் சேராத அடிப்படைப் பாடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள், பணம் மட்டும் முழுதாகக் கட்ட வேண்டும். ஆகவே ஒரு வாரமாவது பின்னங்கள், சமன்பாடுகள் எல்லாம் தூசு தட்டிவிட்டு எழுதுங்கள். ஆங்கிலவழியில் படித்தவர்கள் விலக்கு கேட்டுப் பார்க்கலாம், கேட்டால்தான் கிடைக்கும்.

பணம்

கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் அரசு உதவிப்பணத்துக்கான ‘ஃபாஃப்சா’ படிவத்தை நிரப்ப வேண்டும். இலவசம். நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். பெல் கிராண்ட் 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டாம். குடும்ப வருமானம் கூடக்கூட இது குறையும். நல்ல ஐ.டி. சம்பளம் வரும் வீட்டில் பெரும்பாலும் பூஜ்யம்தான். இருந்தாலும் நிரப்புங்கள், சில மாநில உதவிகளும் கல்லூரி உதவிகளும் இதே படிவத்தைத்தான் கேட்கின்றன.

பூஜ்யம் வந்த வீடுகளுக்கு வரிச்சலுகை இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருந்து, செமஸ்டருக்கு 6 கிரெடிட்டாவது எடுத்தால், அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி என்ற சலுகையில் வருடத்துக்கு 2,500 டாலர்வரை வரியில் கழியும். ஒரே ஒரு பாடம் எடுப்பவர்களுக்கு லைஃப்டைம் லேர்னிங் என்று இன்னொன்று. ஜனவரி கடைசியில் கல்லூரி 1098-டி என்ற படிவம் அனுப்பும், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

புத்தகச் செலவு பலருக்கு அதிர்ச்சி தரும். ஒரு புத்தகம் நூறு, நூற்றைம்பது டாலர் என்று இருக்கும். பாடத்தைப் பதிவு செய்யும் பக்கத்தில் ‘புத்தகச் செலவு இல்லை’ என்று குறித்திருக்கும் வகுப்புகளைத் தேடுங்கள். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்களை வைத்து நடத்துபவை அப்படி இருக்கும். உளவியல், சமூகவியல், புள்ளியியல், அமெரிக்க வரலாறு எல்லாம் அதில் இலவசம். என் பட்டம் முழுமைக்கும் புத்தகத்துக்கு நான் செலவழித்தது ஒரு பட்டுப்புடவை விலை, அதுவும் நடுத்தரப் பட்டு.

அப்புறம், கிளெப் தேர்வுகள். காலேஜ் போர்டு நடத்தும் 34 தேர்வுகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கட்டணம் நூறு டாலருக்குள், ஒன்றரை மணி நேரம் எழுதித் தேறினால் ஒரு பாடத்துக்கான கிரெடிட். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் இலவசப் பாடத்தை முடித்தால் அந்தக் கட்டணத்தையும் அவர்களே தருகிறார்கள். நான் அல்ஜீப்ராவை இப்படித்தான் முடித்தேன். ஆனால் உங்கள் கல்லூரி ஏற்பதை, நீங்கள் போகப்போகும் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டும். மறுபடியும் அதே பாட்டுதான், முதலில் அங்கே கேளுங்கள்.

வாரம் எப்படி ஓடும்

‘ஃப்ளெக்சிபிள்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி வந்தவர்களுக்கு முதல் மாதம் கஷ்டம். எந்த நேரத்தில் படிப்பது என்பது உங்கள் இஷ்டம். எந்த நாளுக்குள் முடிப்பது என்பது இஷ்டம் இல்லை. ஞாயிறு இரவு 11:59 என்றால் 11:59. கல்லூரி இருக்கும் இடத்து நேரப்படி.

மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு, 15 வாரச் செமஸ்டரில் வாரம் ஒன்பது மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். இரண்டு வருடத்தில் முடிக்க ஒரு செமஸ்டருக்கு ஐந்து பாடம், அதாவது வாரம் 45 மணி நேரம். வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு அது நடக்காது. இரண்டு பாடம், கோடையில் ஒன்று என்பது தாங்கும். எட்டு வாரத்தில் முடியும் குறுகிய வகுப்புகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதே பாடம்தான், வாரத்துக்கு இரண்டு மடங்கு வேலை. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் கால்வாசிப் பாடம் போயிருக்கும்.

வகுப்பு திறந்த அன்றே சிலபஸைப் பதிவிறக்கி, எல்லாக் கெடு தேதிகளையும் சமையலறைக் காலண்டரில் எழுதுங்கள். போனில் நினைவூட்டல் வைப்பதைவிட இது எனக்கு உதவியது. தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே கண்ணில் படும்.

முதல் வாரம் மிகவும் முக்கியம். வகுப்பு நடக்கும் கேன்வாஸ், பிளாக்போர்டு மாதிரி இணையதளத்தின் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். விதிப்படி உள்ளே நுழைவது மட்டும் வருகை ஆகாது. ஒரு கலந்துரையாடல் பதிவு, ஒரு சின்ன வினாத்தாள் என்று ஏதாவது ‘படிப்புச் செயல்’ இருந்தால்தான் நீங்கள் வந்ததாகக் கணக்கு. உதவிப்பணத்தைச் சுருட்டுவதற்காகப் போலி மாணவர்கள் சேர்வது அதிகமாகிவிட்டதால், முதல் வாரம் சத்தம் இல்லாதவர்களைப் பெயரோடு நீக்கிவிடுகிறார்கள்.

கலந்துரையாடல் பலகை என்பது நமக்குப் புதிது. புதன்கிழமைக்குள் கேள்விக்கு உங்கள் பதில், ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்ற இரண்டு பேருக்கு மறுமொழி. இது எதற்கு இவ்வளவு கட்டாயம் என்று எரிச்சலாக வரும். ஆசிரியரும் மாணவரும் தொடர்ந்து பேசிக்கொள்ளும் படிப்பாக இருந்தால்தான் அரசு அதை ஆன்லைன் வகுப்பாக மதிக்கும். இல்லாவிட்டால் அது தபால்வழிப் படிப்பு, உதவிப்பணம் சிக்கலாகிவிடும். ‘நன்றாக எழுதியிருக்கிறாய், உடன்படுகிறேன்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. எதோடு உடன்படவில்லை என்று சொல்ல வேண்டும். பெரியவர் சொன்னால் தலையாட்டிப் பழகிய நமக்கு இது வர இரண்டு மாதம் ஆகும். ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவருக்கு ‘நீங்கள் சொல்வது தவறு என்று நினைக்கிறேன்’ என்று முதல்முறை எழுதிவிட்டு, அவர் என்ன பதில் போட்டிருக்கிறார் என்று பார்க்கவே பயமாக இருந்தது. நன்றி சொல்லியிருந்தார்.

ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் அதே மாதிரி. நோட்ஸை மனப்பாடம் செய்து அப்படியே எழுதினால் ஊரில் முழு மதிப்பெண், இங்கே அது திருட்டு. யார் சொன்னது என்று ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். எம்.எல்.ஏ. என்று ஒரு முறை இருக்கிறது, தொகுதிக்கு வராத எம்.எல்.ஏ. இல்லை, மேற்கோள் காட்டும் முறை. கல்லூரியின் எழுத்து உதவி மையம் ஆன்லைனில் இலவசம், கெடுவுக்கு நாலு நாள் முன்னால் அனுப்பினால் திருத்தம் சொல்லித் தருவார்கள். ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், சிலபஸில் எழுதியிருக்கும். கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். நீங்கள் எழுதவில்லை என்று யாராவது சந்தேகப்பட்டால், எந்த நாளில் எந்த வரி எழுதினீர்கள் என்ற வரலாற்றைக் காட்ட முடியும்.

தேர்வுகளுக்குக் கேமரா வழியே கண்காணிப்பு உண்டு. மேசை, சுவர், மடி எல்லாம் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். பின்னால் குக்கர் விசில் அடித்தால்கூடக் குறித்துக்கொள்ளும். முதல் நாளே மாதிரித் தேர்வு ஒன்று எழுதிப் பாருங்கள், லேப்டாப் அடம்பிடிக்குமா என்று தெரிந்துவிடும். வீடு சரிப்படாது என்றால் பொது நூலகத்தில் அறை எடுக்கலாம்.

மேடைப்பேச்சுப் பாடமும் ஆன்லைனில் உண்டு. நம்ப மாட்டீர்கள், பார்வையாளர்களை நாமேதான் பிடித்து வர வேண்டும். ஐந்து பெரியவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பது வீடியோவில் தெரிய வேண்டும் என்று விதி. பக்கத்து வீட்டு குஜராத்திக் கணவன் மனைவி, என் கணவர், அவருடைய நண்பர் என்று நாலு பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவதாக, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார். ஃபில்டர் காபி போடுவது எப்படி என்று ஏழு நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன். முடித்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான். கேமராவை அணைத்தபின், “நல்லாத்தாம்மா பேசுன. என்ன பேசுனன்னுதான் புரியல” என்றார். டிகாக்‌ஷன் இறங்கும் இடத்தைக் காட்டியபோது மட்டும் அது தப்பு என்று அவருக்குப் புரிந்திருந்தது.

தடுமாறும்போது

ஒரு செமஸ்டர் கெட்டுப்போகும். எல்லோருக்கும் ஒன்று கெட்டுப்போகும். அப்போது பேசாமல் இருப்பதுதான் மோசம். தொடக்க வாரங்களிலேயே விலகினால் பணம் திரும்பும், மதிப்பெண் பட்டியலில் தடமும் இருக்காது. அதற்குப் பிறகு, விலகல் கெடுவுக்குள் விலகினால் ‘டபிள்யூ’ விழும், பணம் போகும், ஆனால் ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண் தப்பும். அதையும் தாண்டிவிட்டால் ‘எஃப்’. இந்த மூன்று தேதிகளும் கல்லூரி நாட்காட்டியில் இருக்கும், கெடு தேதிகளோடு சேர்த்து எழுதி வையுங்கள். உதவிப்பணம் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுவதற்குள் எல்லாப் பாடத்தையும் விட்டால், வாங்கிய பணத்தில் ஒரு பகுதி திரும்பப் போகும், அந்தக் கடன் உங்கள் தலையில் நிற்கும். ஆஸ்பத்திரி, சாவு போன்ற காரணங்கள் என்றால் மீதி வேலையைப் பிறகு முடிக்க விடும் ‘இன்கம்ப்ளீட்’டை ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலான வேலை முடிந்திருந்தால் தருவார்கள்.

நன்றாகப் போகும் பக்கமும் இருக்கிறது. 12 கிரெடிட் முடித்து ஜி.பி.ஏ. 3.5 அளவில் இருந்தால், 1918-இல் தொடங்கிய ஃபை தீட்டா கப்பா என்ற இரண்டாண்டுக் கல்லூரி மாணவர் சங்கத்திலிருந்து அழைப்பு வரலாம். மின்னஞ்சலைப் பார்த்து மோசடி என்று நானே அழித்துவிட்டேன், பிறகு குப்பைத் தொட்டியில் தேடி எடுத்தேன். உறுப்பினருக்கென்றே டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய.

கடைசிச் செமஸ்டர்

60 கிரெடிட் சேர்ந்தவுடன் பட்டம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பல இடங்களில் வராது. ‘பட்டம் வேண்டும்’ என்று தனியாக ஒரு விண்ணப்பம் போட வேண்டும், அதற்கும் கெடு உண்டு, கடைசிச் செமஸ்டரின் தொடக்கத்திலேயே முடிந்துவிடலாம். அதற்கு முன் ‘டிகிரி ஆடிட்’ என்ற பக்கத்தைத் திறந்து எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த கிரெடிட் எவ்வளவு இருந்தாலும், பெரும்பாலும் 15 கிரெடிட்டாவது அந்தக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே தெரியும். பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நியூ ஜெர்சி மாதிரி, பட்டம் முடித்தவருக்கு மட்டும் முழு உத்தரவாதம் தரும் மாநிலத்தில் அது அவசரக் குடுக்கைத்தனம்.

பட்டம் பதிவானபின் இறுதி டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே கல்லூரியே மின்னணு முறையில் நேராக அனுப்பிவிடுகிறது, பத்து டாலருக்குள்தான் ஆனது. அண்ணனிடம் போனில் சொன்னேன். “உறையே கிடையாதா?” என்று கேட்டுவிட்டு, “இனிஷியலச் சரி பாத்துக்கிட்டியா?” என்றான். பார்த்திருந்தேன்.